ஐந்து மணிக்குள் ஒரு பக்கம்

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சாந்தாமணி கடிதத்தைத் தொடங்கிவிட்டாள். தொடங்கினாள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மகளின் மடிக்கணினியில் பக்கத்தின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘மதிப்பிற்குரிய ஐயா’, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். காலையில் லேத்துப் பட்டறைக்குக் கிளம்பும்போதே நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார், “மூணுக்கு முன்னால ஆரம்பிச்சுப் போடு சாந்தா. ஆரம்பிச்சது ஆரம்பிச்சதுதான், அப்பறம் ராகு வந்தாலும் ஒண்ணும் பண்ண மாட்டான். அனுப்பறது மட்டும் நாலரைக்கு மேல வெச்சுக்க.” கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் ராகுவை இப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் நேரம் ராகு காலமாக இருந்தால் பையை மட்டும் முன்னதாகவே எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார், அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. நாச்சிமுத்து பேசுவதைக் கேட்டால் ராகு என்பவன் கொஞ்சம் அசடு என்றும், மேலாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவான், உள்ளே வந்து தோண்டித் துருவ மாட்டான் என்றும் தோன்றும். ஆகக்கூடி இப்போது கடிதம் தொடங்கியாகிவிட்டது, ஐயா என்று கூப்பிட்டாகிவிட்டது, ஐயாவும் என்னம்மா என்று கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒருவேளை ஐயா இல்லாமல் அம்மாவாக இருந்துவிட்டால் என்று நினைத்து ‘ஐயா/அம்மையீர்’ என்று மாற்றினாள். ஒரு காரியம் நடந்த மாதிரி திருப்தியாக இருந்தது.

விளம்பரம் பக்கத்தில்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருந்தாள். ஊருக்கு வடக்கே இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு, ஆபரேஷனுக்கு வரும் நோயாளிகளுக்கு எளிய தமிழில் கடிதம் எழுத ஆள் வேண்டும். படிப்பு, அனுபவம் எல்லாம் இரண்டே வரி. கடைசியில் மட்டும் கனமான எழுத்தில் போட்டிருந்தார்கள்: நீங்கள் ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி, செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்பவும். சொந்த வார்த்தை. அந்த இரண்டு சொற்களில்தான் சாந்தாமணி ஞாயிறிலிருந்து சிக்கிக்கொண்டு கிடக்கிறாள். இந்த வேலை அவளுக்கு வேண்டும். இதைப் போல ஒரு வேலை இந்தக் கோயமுத்தூரில் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது, தெரிந்த நாளிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. இது இல்லையென்றால் வியாழக்கிழமையிலிருந்து நாத்தனாரின் மாவுக் கடை. நாத்தனார் ராமாத்தாள், இவள் வாயில் நங்கையா, நல்லவள்தான், நல்லெண்ணத்தில்தான் கூப்பிடுகிறாள், “சும்மா உக்காந்து பாக்கெட்டுப் போட்டாப் போதும், டீ வரும், ஃபேன் இருக்குது, உனக்கென்ன கொறை” என்று. அதுதான் பிரச்சினை, ஒரு குறையும் இல்லை. குறையில்லாத இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க முடியாது என்று சாந்தாமணிக்குத் தெரியும். நாற்பத்தாறு வயதில் உட்கார்ந்தால் அறுபதில்தான் எழுப்பிவிடுவார்கள். இன்றைக்கு ராத்திரிக்குள் பதில் சொல்வதாக ராமாத்தாளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஐயா/அம்மையீர், நான். நான் என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். நான் என்ன. எனக்கு இவ்வேலையில் மிகுந்த விருப்பம் உள்ளதால். ஆம், உள்ளதால் வந்துவிட்டது, இனி சறுக்கிக்கொண்டு போய்விடலாம், எனக்கு இவ்வேலையில் மிகுந்த விருப்பம் உள்ளதாலும், எட்டு மாதங்களாக வீட்டில் இருந்து வருவதாலும், தாங்கள் கருணை கூர்ந்து எனக்கு இந்த, இந்த இரண்டு நாள், விரல் தானாக ஓடியது, விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடித்து முடித்துப் படித்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் யாருமில்லை, இருந்தாலும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பில் கற்றுக்கொண்ட லீவு லெட்டர், முப்பத்தைந்து வருஷமாக உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கையைத் தட்டினால் எழுந்து வருகிறது. அந்த வருஷம் கிளாஸில் நாற்பது பேருக்கும் ஒரே வயிற்றுவலிதான், ஏனென்றால் காய்ச்சலுக்கு எழுத்துப்பிழை வரும் என்று எல்லோரும் வயிற்றுவலியையே எழுதினார்கள். அவளுக்கு நிஜமாகவே வயிறு வலித்த அன்றைக்கு மட்டும் டீச்சர் நம்பவில்லை. பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்தார், அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே மில் புகைபோக்கியும் அதற்கப்பால் மலையும் தெரிந்தன, வலியோடு வலியாக அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இதையெல்லாமா எழுத முடியும். அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள், கேட்டுக்கொள்கிறேன் போயிற்று, பணிவு போயிற்று, கருணை போயிற்று, ஐயாவும் அம்மையீரும் மட்டும் மிஞ்சினார்கள்.

மணி மூன்று இருபது. மடிக்கணினி சூடாகித் தொடையைச் சுட்டது, ஒரு தலையணையை எடுத்து வைத்துக்கொண்டாள். சரி, அனுபவத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பதினெட்டு வருஷ அனுபவம், சும்மாவா. கிரைண்டர் கம்பெனியில் புகார்ப் பிரிவு, இன்றைக்கு இந்த ஊரிலிருந்து இட்லி வெந்துகொண்டிருக்கும் எந்த ஊருக்குப் போனாலும் அவள் எழுதிய கடிதம் ஏதாவது ஒரு வீட்டில் மின்சார ரசீதுகளோடு கம்பியில் குத்திக் கிடக்கும். தாங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன், என்னால் முன்பு போல வேகமாக அடிக்க முடியாது, கண்ணாடி போட்டிருக்கிறேன், ஆங்கிலம் சுமார்தான், இதனால் தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். மூன்று! மூன்றாம் பத்தி வந்துவிட்டது. அவளுடைய பதினெட்டு வருஷமும் பதினான்கு பத்திகளில் அடங்கியது. பழைய மேனேஜர் தன் கையால் எழுதி, டைப் அடித்து, மேஜைக்கு மேலே சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்த பதினான்கு தயார்ப் பத்திகள். சத்தம் வருகிறது என்று புகார் வந்தால் மூன்று, ஏழு, பதினான்கு. பெல்ட் அறுந்தது என்றால் மூன்று, ஒன்பது, பதினான்கு. எது எப்படிப் போனாலும் மூன்று உண்டு, அதுதான் வருத்தம். பதினான்கு கடைசி, தங்கள் நல்லாதரவை என்றும் நாடும். தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு மேனேஜர் ஓரத்தில் நம்பர் மட்டும் போட்டு அனுப்புவார், இவள் கோத்து அனுப்புவாள். வீட்டிலும் அப்படியே ஆகிப்போனது. குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று நாச்சிமுத்து முகத்தைச் சுளித்தால் “மூணுங்க” என்பாள், அவர் “பதினாலு” என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைக் குடிப்பார். எட்டு மாதத்துக்கு முன் புகாரெல்லாம் இனிமேல் போனில்தான் என்று பிரிவை மூடியபோது, அவளுக்குக் கொடுத்த கடிதத்திலும் மூன்றாம் பத்திதான் இருந்தது. அவளே ஆயிரம் தடவை அடித்தது. ஒரு கமாவைக்கூட மாற்றியிருக்கவில்லை, அதைப் பார்த்தபோது வந்த அழுகைக்கு நடுவிலும் சிரிப்புத்தான் முந்தியது. இப்போது பார்த்தால் வேலை கேட்கும் கடிதத்தில் தன்னைப் பற்றித் தானே புகார் எழுதி, தானே மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழித்தாள்.

மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. இனியா ஹாஸ்டலிலிருந்து நேற்று அரை நிமிடத்தில் ஒரு கடிதம் அனுப்பினாள், போனில் இருக்கும் ஏதோ ஒன்றிடம் கேட்டு வாங்கினாளாம். துடிப்பும் அர்ப்பணிப்பும் மிக்க நான், சவால்களை வாய்ப்புகளாக மாற்றும் மனப்பாங்குடன், என்று போகிறது அது. ஒரு குற்றம் சொல்ல முடியாது. படித்தால் அந்தப் பெண்ணுக்கு வேலையைக் கொடுத்துவிடலாம் என்று சாந்தாமணிக்கே தோன்றியது, ஆனால் நேர்முகத்துக்கு அந்தப் பெண் வர மாட்டாள், இவள்தான் போக வேண்டும். நீள மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் இருப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரிம்மா, சவால்களை வாய்ப்புகளாக மாற்றினீர்களே, ஒன்றைச் சொல்லுங்கள் என்பார். அவள் என்ன சொல்வாள், பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டர் தீர்ந்தபோது இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்ததையா. எட்டு மாசம் என்னம்மா செய்தீர்கள் என்று கேட்டால்? முருங்கை வைத்தேன், காய்த்துவிட்டது. பயமாக இருந்தது. அவளை வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, எழுதாமலே விட்டோமே என்று மாவுக் கடையில் உட்கார்ந்து நினைப்பதுதான் தாங்க முடியாதது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். ஃபேனை ஒன்று குறைத்தாள், உடனே கூட்டினாள். வந்து உட்கார்ந்தாள். ஐயா அம்மையீர் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், கல் கடகடவென்று துள்ளுகிறது, அரிசியை மொத்தமாகக் கொட்டியிருக்கிறாள், தண்ணீர் காணவில்லை. கொஞ்சம் தெளிம்மா, ஒரு கை தெளி, என்று சாந்தாமணி இங்கிருந்தே சொன்னாள். சத்தம் தொடர்ந்தது. இதே கடகடதான் வெள்ளியங்கிரி எழுதியது. தாராபுரத்துக்குப் பக்கம், பெயர் நன்றாக ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் ஒரே புகாரை மூன்று தரம் அனுப்பியவர் அவர் ஒருவர்தான். கிரைண்டர் சத்தம் போடுகிறது. மேனேஜர் மூன்று, ஏழு, பதினான்கு என்று போட்டார், அனுப்பினாள். மறுபடி வந்தது, சத்தம் போடுகிறது ஐயா. மறுபடி மூன்று, ஏழு, பதினான்கு. மூன்றாவது கடிதத்தில் எழுத்து நடுங்கியிருந்தது, தங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன, வருத்தம் தெரிவித்ததற்கு நன்றி, சத்தம் அப்படியே இருக்கிறது. வருத்தம் தெரிவித்ததற்கு நன்றி என்று அவர் கிண்டலாக எழுதவில்லை, நிஜமாகவே நன்றி சொல்லியிருந்தார், அதுதான் அவளைச் சுட்டது. அப்போது மேனேஜர் பத்து நாள் லீவு. அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அரைக்கும்போது முதலில் என்னங்க போடறீங்க என்று ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போடுகிறேன் அம்மா, அரைப்பதெல்லாம் என் சம்சாரம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆடியில் தவறிவிட்டாள், எனக்கு வழக்கம் தெரியாது. சாந்தாமணி அந்தக் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள், உளுந்தை எத்தனை மணி நேரம் ஊறப்போட வேண்டும், முதலில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கல்லைச் சுற்றவிட வேண்டும், உளுந்தைக் கை கையாகப் போட வேண்டும், நடுநடுவே தெளிக்க வேண்டும், எடுத்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், மிதக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கம் வந்தது. மேனேஜர் திரும்பி வந்து நகலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளை முறைத்தார். “இதெல்லாம் எந்தப் பத்திம்மா?” என்ன தைரியமோ, “பதினஞ்சுங் சார்” என்றாள். மனிதர் ஓரத்தில் பதினைந்து என்று போட்டுக் கோப்பில் வைத்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. அதில் ஒரே வரி, இட்லி வந்தது.

போன் அலறியது. நாலரை. நாச்சிமுத்துதான், பட்டறை இரைச்சலுக்கு நடுவே கத்தினார். “ராகு போயாச்சு! அனுப்பிச்சுட்டியா?”

“ஏனுங்க, இன்னும் எழுதவே இல்லீங்க.”

“என்ன புள்ள சொல்ற, மூணு மணிக்கே ஆரம்பிச்சீல்ல?”

“ஐயான்னு எழுதியிருக்கறனுங்க.”

அந்தப் பக்கம் லேத்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்திவிட்டு வெளியே வருகிறார் என்று தெரிந்தது, கதவு கிறீச்சிட்டது, பிறகு குரல் தணிந்து வந்தது. “உனக்கு எழுத வராதுன்னு ஊர்ல எவனாச்சும் சொல்லுவானா? நீ வேற ஆரோ மாரி எழுதப் பாக்கற. என்ற கிட்டச் சொல்ற மாரியே எழுது. எனக்குப் புரிஞ்சுதுன்னா அவிகளுக்கும் புரியும், அவிக படிச்சவீக.” பிறகு அவரே சிரித்தார், “போ, போன வெய்யி, அரை மணி நேரம் இருக்குது, ஒரு சாதம் வடிச்சு எறக்கற நேரம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு சாதம் வடிக்கும் நேரம். விரலை வைத்தாள். ஐயா, அம்மையீர், நான் பதினெட்டு வருடம் ஒரு கிரைண்டர் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதினேன். பெரும்பாலும் மன்னிப்புத்தான். ஒரு முறை மட்டும் ஒருவருக்கு மாவு அரைப்பது எப்படி என்று எழுதினேன், அவருக்கு இட்லி வந்தது. அதை நான் எழுதியதிலேயே நல்ல கடிதமாக நினைக்கிறேன். ஓடியது, நிற்காமல் ஓடியது, தண்ணீர் விட்டதும் கல் சத்தமில்லாமல் சுற்றுமே அப்படி. கண் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் ஆபரேஷனைப் பற்றிக் கேட்பதைவிட, அதற்கு முதல் நாள் தலைக்குக் குளிக்கலாமா என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டு வரலாமா, வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பலாமா, எத்தனை நாள் கழித்து அடுப்படிக்குப் போகலாம், இருமினால் தையல் பிரியுமா என்பார்கள். டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமலே போய்விடுவார்கள். கேட்காத கேள்விக்கும் கடிதத்தில் பதில் இருந்தால் அவர்கள் ராத்திரி தூங்குவார்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் உங்களிடம் கேட்டு, எனக்குப் புரிந்த பிறகுதான் எழுதுவேன். எனக்குப் புரியாத ஒரு வரியைக்கூட யாருக்கும் அனுப்ப மாட்டேன். இந்த வேலை எனக்கு மிகவும் வேண்டும். மிகவும் என்பதை அழிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள், உண்மைதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இப்படிக்கு, என்று அடித்து, கை பழக்கத்தில் அதற்குக் கீழே வந்து நின்றது: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கடிதத்தின் அடியில் அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. வெள்ளியங்கிரிக்குக்கூட அவள் யாரென்று தெரியாது, அவர் கார்டு பிரிவுக்குத்தான் வந்தது. வருத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள், இல்லை, கூச்சமாகத்தான் இருந்தது, புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் தடவை தெருவில் இறங்குகிற கூச்சம். பிரிவை அழித்துவிட்டு எழுத்தெழுத்தாக அடித்தாள், சா, ந், தா, ம, ணி. முன்னால் என்ன இனிஷியல் போடுவது, அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா என்று கை தயங்கியது. மணி நாலு ஐம்பத்து மூன்று, இனிஷியலுக்கு யோசிக்க நேரமில்லை. சாந்தாமணி என்று மட்டும் விட்டு அனுப்பினாள். போய்விட்டது. சந்தோஷமாக இருந்தது, காரணமில்லாமல் எழுந்து நின்றுகொண்டாள்.

உட்காருவதற்குள் பதில் வந்து விழுந்தது. தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. மேல்விவரம் பின்னர் தெரிவிக்கப்படும். இப்படிக்கு, நிர்வாகம். சாந்தாமணி அதை ஒரு கைதேர்ந்த ஆளின் கண்ணோடு படித்தாள். அங்கேயும் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பெறப்பட்டது, யாரால்? யாரோ ஒருத்தர் அங்கே உட்கார்ந்து வெட்டி ஒட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார், நாள் பூராவும், கை வலிக்க. வேலை கிடைத்தால் முதலில் இதைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்தாள், நினைத்த வேகத்தில், பயம் வந்து சேருவதற்குள், பதில் அடித்துவிட்டாள். கிடைத்தது என்று சொன்னதற்கு நன்றி. இதை அனுப்பியது யார் என்று தெரிந்தால் பெயர் சொல்லி நன்றி சொல்வேன். அனுப்பிவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். கெடுத்துக்கொண்டாயே சாந்தா, நாளைக்கு நல்ல வார்த்தை சொல்ல இருந்தவரையும் வம்புக்கு இழுத்துவிட்டாயே. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஐந்து மணி ஆனது, ஐந்து ஐந்து ஆனது.

ஐந்து எட்டுக்கு வந்தது. வணக்கம் அம்மா, நான்தான் அனுப்பினேன், என் பெயர் பிரிசில்லா. மூன்று வருடமாக அனுப்புகிறேன், யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு நாற்பத்தொரு கடிதம் வந்தது, எல்லாம் ஒரே மாதிரி இருந்தது, உங்களுடையதைத்தான் இரண்டு தடவை படித்தேன். போன மாதம் எங்கள் அம்மாவுக்கு இங்கேயே இந்த ஆபரேஷன் நடந்தது. அடுப்படிக்கு எப்போது போகலாம் என்று என்னிடம்தான் கேட்டார்கள். இங்கே வேலை பார்க்கிற எனக்கே தெரியவில்லை. உங்கள் கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் போவதற்கு முன் டாக்டரம்மா மேஜையில் நானே வைத்துவிட்டுப் போகிறேன். இப்படிக்கு, பிரிசில்லா.

சாந்தாமணி அதை நின்றுகொண்டே படித்தாள், பிறகு போனை எடுத்து ராமாத்தாளுக்கு அடித்தாள்.

“நங்கையா, வியாழக்கெழமைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

“ஏஞ் சாந்தா? ஆசுபத்திரி வேலை கெடச்சிருச்சா?”

“இன்னும் இல்லீங் நங்கையா. லெட்டர் நல்லா வந்துருச்சுங்க.”